சந்தோஷ்குமார் வாய் திறந்த போட்டோ

ஜூலை 14, திங்கள்

இன்று இரண்டு ரூட் கெனால், ஒரு ஞானப்பல். அந்த ஞானப்பல் முக்கால் மணி நேரம் அடம் பிடித்தது. விரல் வலிக்கிறது, ஆனாலும் நேற்று நடந்ததை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். கிளினிக்கில் மோனிஷாவிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் அஸ்தம்பட்டி ரவுண்டானா வரைக்கும் தெரிந்துவிடும். ரிசப்ஷனில் அவளை உட்கார வைத்ததே அந்த வாய்க்காகத்தான். அதனால் மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த இந்த டைரி.

நேற்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆறாவது பார்ட்டி. பையன் பெயர் சந்தோஷ்குமார், முப்பது வயது, புதுச்சத்திரம் பக்கம் முட்டைக் கோழிப் பண்ணை, அறுபதாயிரம் கோழி. அப்பா தனபால், அம்மா மாரக்காள்.

காலையிலேயே எனக்கு எச்சரிக்கை. அம்மா என் சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டே, பல்லுத் தெரியாம சிரி சாமி என்றாள். ஒரு பல் டாக்டரிடம் சொல்கிற வார்த்தையா இது? ஆனால் அம்மாவுக்குப் பயம். ஐந்தாவது பார்ட்டி, பொண்ணு சிரிச்சா சங்ககிரிக் கோட்டைக்கே கேக்குது என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான், திரும்பவே இல்லை. அந்தத் தகவலை அட்சரம் பிசகாமல் கொண்டுவந்து சேர்த்தவர் கைலாசம் மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. எனக்கு வரன் கொண்டுவருவதுதான் இப்போது அவருக்கு முழு நேர வேலை. என் சிரிப்பு அப்படித்தான், நான் என்ன செய்ய? அடக்கினால் மூக்கு வழியாக வரும், அது இன்னும் கேவலம்.

நேற்று அடக்கினேன். சந்தோஷ்குமாரோ எனக்கு மேல். பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டேகால் வரை சோபாவில் உட்கார்ந்து மூன்றே வாக்கியம். காபி எப்படி என்று அம்மா கேட்டாள். நல்லா இருந்துதுங்க. மாடியில் தனியாகப் பேச விட்டார்கள். எங்க வீடு எப்படி என்றேன். நல்லா இருக்குதுங்க. வந்த வழி? நல்லா இருந்துதுங்க. குரலும் பக்கத்தில் குழந்தை தூங்குகிற மாதிரி அவ்வளவு மெதுவாக. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. பயோடேட்டாவில் இருந்த போட்டோவையே கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பெயர் வேறு சந்தோஷ்.

அவர்களுக்கு என்னைப் பிடித்துவிட்டதாம். வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது, ஆடியில் நல்ல பேச்சு எடுக்கக் கூடாது. ஆவணி ஒண்ணாந்தேதி பதில் சொல்றமுங்க என்று அப்பா சொல்லி அனுப்பிவிட்டார். ஆக எனக்கு ஒரு மாதம். சரி என்றால் இந்த 'நல்லா இருந்துதுங்க'வோடு ஐம்பது வருஷம் குடித்தனம். வேண்டாம் என்றால் ஏழாவது பார்ட்டி.

ஆள் கெட்ட ஆள் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்ட ஆளாக இருந்திருந்தால் நேற்றே முடிவு சொல்லியிருப்பேன்.

ஜூலை 18, வெள்ளி

நம்பர் வாங்கிக்கொண்டு போனவரிடமிருந்து இன்றுதான் முதல் மெசேஜ். "சாப்டீங்களாங்க." சாப்பிட்டேன் என்றேன். "நல்லதுங்க." அவ்வளவுதான், முடிந்தது. வேறு ஏதாவது வருமா என்று அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், லூசு மாதிரி.

ஜூலை 20, ஞாயிறு

இப்படியே போனால் ஆவணி வந்துவிடும், எனக்கு அவரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நானே கேட்டுவிட்டேன், எங்காவது பார்த்துப் பேசலாமா என்று. ஐந்து நிமிஷம் கழித்துப் பதில். "பேசலாமுங்க. எங்கீங்க?"

எங்கே? சேலத்தில் எந்தக் காபிக் கடைக்குள் நுழைந்தாலும் மூன்றாவது மேசையில் ஒரு பெரியப்பா இருப்பார். ஏற்காடு போனால் அப்பாவுக்குத் தெரிந்த லாரி ஓனர்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு அங்கேதான். கோயில் என்றால் சொல்லவே வேண்டாம். யோசித்து யோசித்துக் கடைசியில் பிடித்தேன்: பைபாஸில் புதிதாக வந்திருக்கிற தீம் பார்க். புதன்கிழமை எனக்கு லீவு. புதன்கிழமை, வேலை நாளில், மொட்டை வெயிலில் ரோலர் கோஸ்டர் ஏற எங்கள் ஒறம்பரையில், அத்தனை சொந்தத்திலும், ஒரு ஆள் வராது.

டைரிதானே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். காலேஜில் சென்னை டூர் போனபோது ஒரே நாளில் ஒன்பது தடவை ஏறினேன். உலகத்திலேயே நான் கத்தினால் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் அது ஒன்றுதான்.

ஜூலை 23, புதன்

வீட்டில், ஏதோ ஒரு ஸ்கூலில் பல் பரிசோதனை முகாம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் போனேன். அவர் பைக்கில் வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. தீம் பார்க்குக்குப் பேனாவோடு வந்த ஒரே மனுஷன் இவராகத்தான் இருக்கும்.

ஏறலாமா என்றேன். ஏறலாமுங்க. ஷாலை இறுக்கிக் கட்டச் சொன்னார்கள், நான் ஏதோ ஒரு முடிச்சுப் போட்டேன். கம்பி வந்து மடியில் உட்கார்ந்தது. கடகடகடவென்று மேலே இழுத்துக்கொண்டு போகிறது. சங்ககிரி மலை தெரிந்தது, பைபாஸில் லாரி வரிசை தெரிந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். டவுன் பஸ்ஸில் போகிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இறங்கியது பாருங்கள் — அம்மாடி! வயிறு மேலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் கீழே வந்தேன். கத்தினேன், கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் ஒரு சத்தம் இல்லை.

வெளியே வருகிற வழியில் போட்டோ கவுன்டர். வண்டி விழுகிற இடத்தில் கேமரா வைத்திருக்கிறார்கள், அதுவாக எடுத்துக்கொள்ளும். ஸ்கிரீனில் எல்லார் படமும் வரிசையாக வரும், பிடித்திருந்தால் காசு கொடுத்து பிரின்ட் வாங்கலாம், அட்டை போட்டுத் தருவார்கள். எங்கள் படம் வந்தது. என் வாயில் கடைவாய்ப் பல் வரை எண்ணலாம். அவரைக் காணோம். அவர் இருக்க வேண்டிய இடத்தில் என் ஷால். முடிச்சு அவிழ்ந்து பறந்து அவர் முகத்தை முழுசாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, துணிக்குள் மூக்கு மட்டும் கூராகத் தெரிகிறது.

எனக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு நின்றுவிட்டது. ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல என்றேன். நீங்க சந்தோசமா கத்திட்டிருந்தீங்க, எதுக்குத் தொந்தரவுன்னு உட்டுட்டனுங்க என்றார்.

எல்லாரும் காசு கொடுக்காமல் ஸ்கிரீனைப் போனில் படம் பிடித்துக்கொண்டு நழுவுகிறார்கள். கவுன்டர் அக்கா பாவம், இரண்டு கையாலும் ஸ்கிரீனை மறைத்துக்கொண்டு நிற்கிறாள். நானும் போனை எடுத்தேன். அவர் வேண்டாமுங்க, அவங்க பொழப்புங்க என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்று வாங்கினார். தன் முகமே இல்லாத போட்டோவை. எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லா இருந்துதுங்க.

வீட்டுக்கு வந்து போட்டோவை எங்கே ஒளிப்பது? என் அலமாரியை அம்மா தினமும் துடைப்பாள். யோசித்துப் பார்த்தால் ஒரே இடம்தான் பத்திரம், பீரோவில் இருக்கிற ஜாதக ஃபைல். ஆடி முடிகிற வரை அம்மா அதைத் தொடக்கூட மாட்டாள். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருக்கிறது.

ஜூலை 30, புதன்

இன்று இரண்டு தடவை ஏறினோம். முகம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ வாங்காமல் விடுவதில்லை என்று நான் சபதம்.

முதல் தடவை என் ஷால் மறுபடி பறக்கக் கூடாது என்று அதன் நுனியை அவரே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நல்லதுதான். ஆனால் வண்டி விழும்போது அதோடு சேர்ந்து குனிந்துவிட்டார். போட்டோவில் நான், எனக்குப் பக்கத்தில் ஒரு உச்சந்தலை. அதில் ரெட்டைச் சுழி. கவுன்டர் அக்கா ஸ்கிரீனை உற்றுப் பார்த்துவிட்டு, ரெட்டச் சுழி பாத்துக்கம்மா, ரெண்டு கல்யாணம்பாங்க என்றாள். அவர் பதறிப்போய், அப்படியெல்லாம் இல்லீங்க என்று அவளிடம் விளக்கம் சொல்கிறார். அதையும் வாங்கினோம்.

இரண்டாவது தடவை கேமரா எந்த இடத்தில் இருக்கிறது என்று கீழே நின்று பார்த்து வைத்துக்கொண்டு ஏறினார். சரி, இந்த முறை சிரிப்பார் என்று நினைத்தேன். வெளியே வந்து ஸ்கிரீனைப் பார்த்தால், கடவுளே! முன் வரிசையில் ஒரு பெண் கண்ணை மூடி அழுகிறாள், பின்னால் ஒருவர் வாய் கோணி, நான் பேய் மாதிரி தலைமுடியோடு. நடுவில் இவர் மட்டும் பயோடேட்டா போட்டோ. அதே முகம், அதே பார்வை, முடிகூடக் கலையவில்லை. ஸ்டூடியோவில் வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அதையும் வாங்கினோம்.

பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். மூக்கு வழியாகவும் வந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. உதட்டோரம் ஏதோ அசைந்தது என்று நினைக்கிறேன், சத்தியம் பண்ண மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பயம் வந்துவிட்டது. இத்தனை வேகத்தில் தலைகீழாக விழும்போதே அசையாத முகம், நாளைக்கு நான் அழுதால் அசையுமா? இல்ல, உள்ள ஒண்ணுமே இல்லையா இந்த ஆளுக்கு? யாரக் கேக்கறது இத?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. பூலாம்பட்டி போய்க் காவிரியில் கும்பிட்டுவிட்டு வந்தோம். தண்ணீர் தளும்பப் போகிறது. கரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடும்போது, பையன் எப்படித் தோணுது சாமி என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். யோசிக்கிறேம்மா என்றேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். கைலாசம் மாமா திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் ரிக் வண்டிக்காரர் வீடு சொல்லியிருக்கிறாராம், ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

மீதிச் சோற்றைக் காவிரி மீனுக்குப் போட்டுவிட்டு எழுந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பண்ணையில் தடுப்பூசியாம், அவர் வரவில்லை. "மன்னிச்சுக்கங்க." ரொம்ப நல்லது, நிம்மதி என்று நினைத்தேன். அப்புறம் மத்தியானம் முழுக்க யாரோடும் பேசாமல் துணி மடித்தேன். ஏய் தமிழினி, உனக்கு என்ன ஆச்சு?

ஆகஸ்ட் 13, புதன்

முதலிலிருந்து வருகிறேன்.

வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். நேராகவே கேட்டேன், உங்களுக்கு இது பிடிக்கலையா, எனக்காக வரீங்களா என்று. பாக்கெட்டில் இருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டார். பிறகு, எனக்குக் கத்தத் தெரியாதுங்க என்றார்.

கதை இதுதான். முட்டைக் கோழி சத்தத்துக்கு மிரளும். திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் ஒரு ஷெட்டே படபடவென்று அடித்துக்கொள்ளும், மறுநாள் முட்டை குறைந்துவிடும். இவருக்குப் பன்னிரண்டு வயதில் பண்ணை ஆரம்பித்தார்கள். வீடு பண்ணை வேலிக்கு உள்ளேயே. அன்றிலிருந்து அந்த வேலிக்குள் யாரும் குரலை உயர்த்துவதில்லை, ஓடுவதில்லை, கையை வீசுவதில்லை. டிவியைச் சத்தமில்லாமல் பார்ப்பார்களாம். தீபாவளிக்குப் பட்டாசு கிடையாது. வீட்டில் சண்டை வந்தால் என்ன செய்வீங்க என்று கேட்டேன்.

"வாட்ஸப்புல போட்டுக்குவமுங்க."

வரிசையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. பதினெட்டு வருஷம். முகத்தை அசைக்காமல் இருந்து இருந்து அப்படியே உறைந்துவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லாமல் இல்லை, வெளியே விட இடம்தான் இல்லை.

இங்க கோழி இல்லை, கத்துங்க என்றேன். எப்படிங்க என்றார். முப்பது வயது ஆள், எப்படிக் கத்துவது என்று கேட்கிறார்! எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லிக் கொடுத்தேன். கிளினிக்கில் தினமும் நாற்பது தடவை சொல்கிற வார்த்தை. ஆ காட்டுங்க. வரிசையில் நின்றபடியே கொஞ்சமாகக் காட்டினார். இன்னும் பெருசா. காட்டினார். பின்னால் நின்ற குடும்பம் எங்களை விட்டுத் தள்ளி நின்றுகொண்டது.

மேலே போகும்போதே வாயைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டார். வண்டி விழுந்தது. முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், லாரி ஏர் ஹாரன் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை! பதினெட்டு வருஷத்துக்கும் சேர்த்து. நான் கத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைவிடச் சத்தமான ஒரு ஆள்.

போட்டோவில் வாய் குகை மாதிரி திறந்திருக்கிறது, கண் சிரிக்கிறது, கன்னத்தில் ஒரு குழி, அது இருப்பதே யாருக்கும் தெரியாது. கீழ் இடது கடைவாயில் ஒரு சொத்தை. ஞானப்பல் கோணலாக முளைக்கிறது. ஒரு ஃபில்லிங், ஒரு கிளீனிங், மற்றபடி அருமையான வாய். இவ்வளவு அழகான வாயை நான் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதிவிட்டேன்.

கவுன்டர் அக்கா கை தட்டிவிட்டு பிரின்ட்டை எடுத்துக் கொடுத்தாள். குரல் போய்விட்டது அவருக்கு. கரகரத்துக்கொண்டே, இன்னொருக்கா போலாமுங்களா என்றார்.

போனோம். மூன்று தடவை.

ஆகஸ்ட் 14, வியாழன்

நேற்று முழுக்கச் சந்தோஷத்தில் ஒரு விஷயம் மண்டையில் ஏறவில்லை, இன்று பல்லுக்கு அச்சு எடுத்துக்கொண்டிருக்கும்போது ஏறியது. கல்யாணம் ஆனால் நான் போய் இருக்கப் போவதும் அந்த வேலிக்குள்தானே? என் சிரிப்பை அறுபதாயிரம் கோழிக்கு நடுவில் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

போன் பண்ணிக் கேட்டேன். நான் அங்க வந்து சிரிச்சா என்னாகும் என்று. அதெல்லாம் பரவாயில்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். யோசிக்கறனுங்க என்றார்.

யோசிக்கறாராம். எனக்கு ஆத்திரமா வந்துச்சு. அப்புறம், பொய் சொல்லலையேன்னு அதுக்கும் புடிச்சுத் தொலைக்குது. என்ன கருமமோ.

ஆகஸ்ட் 16, சனி

முடிவு பண்ணிவிட்டேன். சரி என்று சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் தலகாணி இருக்கிறது, முகத்தை வைத்து அமுக்கிக்கொண்டால் ஆயிற்று. இல்லாவிட்டால் கிளினிக்குக்கு வந்து சிரித்துக்கொள்கிறேன். அந்த ஆள் இல்லாமல் இருக்க முடியாது போலத் தெரிகிறது, அதுதான் விஷயம்.

நாளைக்கு ஆவணி ஒன்று. மத்தியானச் சாப்பாட்டில், அப்பா இரண்டாவது தடவை ரசம் ஊற்றிக்கொள்ளும்போது சொல்லலாம். அப்போதுதான் அவர் நல்ல மனநிலையில் இருப்பார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

செத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்பது மணி வரை தூங்கினேன். எழுந்து பல் தேய்த்துக்கொண்டே பீரோவைத் திறந்தேன், போட்டோக்களை எடுத்துவிடலாம் என்று. ஃபைல் இல்லை. அம்மா, ஃபைல் எங்க? ஆவணி பொறந்துருச்சல்ல சாமி, காலைல ஆறு மணிக்கே நல்ல நேரத்துல கைலாசம் வந்து வாங்கிட்டுப் போயிட்டான், திருச்செங்கோட்டுக்கு என்றாள்.

ஆடி முழுக்கத் தொடாத ஃபைலை ஆடி முடிந்த முதல் விடியலிலேயே எடுப்பாள் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. ஜாதகத்துக்குள் நாலு போட்டோ. நாலிலும் நான் பேய் மாதிரி கத்திக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஆம்பிளையோடு.

மாமாவுக்கு ஏழு தடவை போன் பண்ணினேன். எட்டாவது தடவை எடுத்தார். அவர் குரலிலேயே தெரிந்துவிட்டது. ரிக் வண்டிக்காரர் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் ஃபைலை வைத்து, விளக்கேற்றி, பெரியவர் கையால் பிரித்தார்களாம். முதலில் விழுந்தது ஷால் போட்டோ. அடுத்தது ரெட்டைச் சுழி. யார் இந்த ஆள் என்று பெரியவர்கள் முழித்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவது போட்டோ. அந்த வீட்டு அம்மா பார்த்த உடனே, இது நம்ம பங்காளி புதுச்சத்திரத்துத் தனபால் பையனல்ல என்று கேட்டுவிட்டாராம். பயோடேட்டா முகம், எங்கே தப்பும்? நாலு போட்டோவும் மாரக்காளம்மாவுக்கு வாட்ஸப்பில் போய்விட்டது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரசம் வரை காத்திருக்கவில்லை. அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். ஆடி மாசத்துல, முகாமுன்னு பொய் சொல்லிப்போட்டு, ஊரு சிரிக்குதே என்று புலம்பினாள். அப்பா, அதுல ஏறுனா கழுத்துப் புடிச்சுக்காதா என்று மட்டும் கேட்டார்.

சந்தோஷ்குமாருக்கு மெசேஜ் போட்டேன். "பேசறனுங்க" என்று வந்தது. பேசவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

போன் இல்லை. மெசேஜ் இல்லை. சாப்டீங்களாங்ககூட இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்றும் இல்லை. கிளினிக்கில் நான் சிரிக்காததைப் பார்த்து மோனிஷா காய்ச்சலா டாக்டர் என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ. மாரக்காளம்மா தனியாக வந்து இறங்கினார், இரண்டு கையிலும் இரண்டு அட்டை முட்டை. முட்டையோடு வந்து யாராவது சம்பந்தம் வேண்டாம் என்று சொல்வார்களா? சொல்லலாம், நல்ல மனிதர்கள் சொல்லலாம்.

உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவான குரல். அம்மாவும் அப்பாவும் முன்னால் குனிந்தார்கள். அவர் எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"இங்க சத்தமாப் பேசலாமுங்களா?"

பேசுங்க என்றாள் அம்மா. மாரக்காளம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நிஜமாகவே சத்தமாகப் பேச ஆரம்பித்தார். பைக்குள்ளிருந்து அட்டை போட்ட போட்டோவை எடுத்தார். நாலாவது போட்டோ. திருச்செங்கோட்டுக்கு நேரில் போய் வாங்கி வந்திருக்கிறார். மற்ற மூன்றையும் ஜாதகத்தோடு மேசையில் வைத்தார். இதை வைக்கவில்லை.

"இத நான் திருப்பித் தர மாட்டேனுங்க. எம்பையன் வாயத் தொறந்து பாத்து பதினெட்டு வருசமாச்சு. நீங்க வேணா இன்னொண்ணு எடுத்துக்கங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாரக்காளம்மா நிறுத்தவில்லை. பொண்ணுக்குச் சிரிப்பு பெருசு, அது வேலிக்குள்ள வந்து அமுங்கக் கூடாது என்று பையன் அவங்கப்பாவிடம் சொல்லிவிட்டானாம். ரோட்டுக்கு அக்கட்ட அவர்களுக்கு இரண்டு ஏக்கர் சோளக்காடு கிடக்கிறதாம், அங்கே வீடு கட்ட வேண்டும் என்கிறானாம். அப்பனும் மகனும் மூன்று நாளாக வாட்ஸப்பில் ஒரே சண்டையாம், நேற்று சாயங்காலம்தான் அவர் அப்பா கட்டை விரலைத் தூக்கி ஒரு பொம்மை போட்டாராம். அதற்குப் பிறகுதான் இங்கே வரலாம் என்று பையன் விட்டானாம். அதுவரைக்கும் பொண்ணுகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பேசறது என்று போனையே தொடவில்லையாம்.

"எனக்கும் அங்க ஒரு ரூம்பு வெச்சுக் கட்டுறா சாமீன்னு சொல்லியிருக்கறேன். எம்மனசுல பேசறதுக்கு நெறைய சேந்து கெடக்குதுங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒட்டுக்கா வந்தது. எது முந்தும் என்று தெரியாமல் நின்றேன். சிரிப்பு முந்தியது. அடக்கவே இல்லை, முழுசாக, பல் தெரிய, கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். மாரக்காளம்மா ஒரு நிமிஷம் மிரண்டு போய்ப் பார்த்தார். அப்புறம் அவரும் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து கிளம்பியதோ, அவருக்கே அடக்கத் தெரியவில்லை, அம்மா முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

அப்பா எழுந்து உள்ளே போய்க் காலண்டரை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

எங்கள் வீட்டில் உப்பு சக்கரை மாற்றி நிச்சயம் பண்ணிக்கொண்டார்கள். தட்டைத் தூக்கிக் கொடுத்தது கைலாசம் மாமா, ஏழாவது பார்ட்டியே இல்லாமல் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். கல்யாணம் ஐப்பசியில். போட்டோகிராபர், மாப்ள கொஞ்சம் சிரிங்க என்று ஏழெட்டுத் தடவை கெஞ்சினார். ஆ காட்டுங்க என்றேன் காதோரம். அப்புறம் ஏன் கேட்கிறீர்கள், பந்தியில் இருந்தவர்கள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 3, புதன்

புதுச்சத்திரம் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். வீட்டுக்கு இடம் குறிக்க வேண்டுமாம், அம்மா அப்பாவோடு போனோம். சோளக்காடு அறுத்துக் கிடந்தது. மேஸ்திரி கயிறும் முளைக்குச்சியும் வைத்துக்கொண்டு எங்கேம்மா அடிக்கட்டும் என்று என்னைக் கேட்கிறார். ரோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதுதான் கேள்வி.

அவர் ரோட்டைத் தாண்டிப் பண்ணைக்குள் போய், முதல் ஷெட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போன் பண்ணினார். நான் காட்டுக்குள் ரோட்டோரம் நின்றேன். சிரிங்க என்றார். சும்மா எப்படிச் சிரிப்பது? மாரக்காளம்மா என் இடுப்பில் ஒரு விரலை விட்டார். சிரித்தேன்.

"கோழி கழுத்தத் தூக்குதுங்க. சித்த உள்ள போங்க."

ஐம்பதடி உள்ளே போனோம், மேஸ்திரி, அம்மா, அப்பா, மாமியார், மாமனார் எல்லாரும் என் பின்னாலேயே. சிரித்தேன். ரெண்டு மூணு திரும்பிப் பாக்குதுங்க என்றார். இன்னும் உள்ளே. சிரித்தேன். இன்னும் உள்ளே. இதற்குள் எல்லாருக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. அப்பா கயிற்று நுனியைப் பிடித்தபடி குலுங்குகிறார். மாமனார் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், பழக்க தோஷம். அம்மா பல் தெரியச் சிரித்தாள்.

கடைசியில் காட்டின் மேற்கு மூலை, வேப்ப மரத்துக்குக் கொஞ்சம் முன்னால். இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துச் சிரித்தேன். போனைக் காதில் வைத்தேன்.

கேக்குதுங்களா என்றேன்.

"கோழி ஒண்ணும் அசையலீங்க. எனக்கு மட்டும் கேட்டுச்சுங்க."

அந்த இடத்திலேயே முளைக்குச்சி அடித்தோம்.